காலை அவசரம் குறைந்தால் வீடு அமைதியாகும்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நல அமர்வில், சிறு குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு தம்பதியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வீட்டு வேலையைப் பற்றிப் பேச எங்களை ஏன் அழைத்தார்கள் என்று எங்களுக்கே முதலில் புரியவில்லை. நாங்கள் ஆலிம்களும் அல்ல, மருத்துவர்களும் அல்ல. ஒருவர் பள்ளி ஆசிரியை, இன்னொருவர் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். வீட்டில் 7, 5, 3 வயதில் மூன்று பிள்ளைகள். கூடவே பிள்ளைகளின் நன்னிமா. உங்கள் வீடு எப்படியோ அப்படித்தான் எங்கள் வீடும். நாங்கள் செய்த ஒரு தவறையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்கள். அதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை காலை. மணி ஏழே முக்கால். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. வாசலில் பள்ளிக்கூட ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. மூத்தவளுக்கு ஒரு காலுறை கிடைக்கவில்லை. நடுவுள்ளவன் இட்லி வேண்டாம் என்று அழுகிறான். எங்களில் ஒருவர் காலுறையைத் தேடுகிறார். இன்னொருவர் கொதிக்கும் தண்ணீரைக் குளியலறை வாளியில் ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் கலப்பதற்குள் குக்கரை அணைக்க ஓடுகிறார். அந்த ஒரு நிமிடத்தில் அப்போது இரண்டு வயதான சின்னவள் உள்ளே போய் வாளியைப் பிடித்து இழுத்துவிட்டாள். வலது பாதத்திலும் கெண்டைக்காலிலும் வெந்நீர் கொட்டிவிட்டது.

பதற்றத்தில் அடுத்த தவறையும் செய்தோம். பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று பற்பசையை அள்ளிப் பூசினோம். மருத்துவமனையில் அதைத் துடைத்து எடுக்கும்போது பிள்ளை துடித்த துடிப்பை இன்றும் எங்களால் மறக்க முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் இருக்கிறது. 'பற்பசை, மை, மாவு, ஐஸ்கட்டி எதுவும் வைக்கக் கூடாது. உடனே குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருக்க வேண்டும். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடிக் கொண்டுவந்திருக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது' என்று மருத்துவர் சொன்னார். இந்த உரையில் வேறு எது மறந்தாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அன்று இரவு பிள்ளை தூங்கிய பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் ஒருவரை ஒருவர் குறை சொன்னோம். பிறகு ஓர் உண்மை புரிந்தது. எங்கள் இருவருக்குமே பிள்ளைகள் மீது கவனக்குறைவு இல்லை. ஒரு மனிதரால் செய்ய முடியாத அளவு வேலையை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைத்து வைத்திருந்தோம். அதுதான் காரணம்.

ஒரு தாளை எடுத்து, சுபுஹு தொழுததிலிருந்து பிள்ளைகள் ஆட்டோ ஏறும் வரை நாங்கள் செய்பவற்றை ஒன்று விடாமல் எழுதினோம். 26 வேலைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கேள்விகள் கேட்டோம். இதை முந்தின நாளே செய்ய முடியுமா? இதைச் செய்யாமலே விட முடியுமா? இதை வேறொருவர் செய்ய முடியுமா? கடைசியில் காலையில் செய்தே ஆக வேண்டியவை என்று மிஞ்சியவை ஒன்பதுதான்.

முதலில் முந்தின நாளுக்கு மாற்றியவற்றைச் சொல்கிறோம்.

குளியலை மாலைக்கு மாற்றினோம். பிள்ளைகள் விளையாடி அழுக்காக வருவது மாலையில்தான். அசருக்குப் பிறகு குளித்து, சுத்தமான உடை போட்டு ஓதப் போகிறார்கள். காலையில் பல் துலக்கி, முகம் கை கால் கழுவினால் போதும். இதனால் காலை வெந்நீர் வேலையே இல்லாமல் போனது. மாலையில் வெந்நீர் தேவைப்பட்டாலும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் பிறகே சுடுதண்ணீர். முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை அழைப்பது. கலக்கி முடிக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும்.

சீருடையை ஞாயிறு மாலை மொத்தமாக எடுத்து வைக்கிறோம். வாசல் பக்கச் சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கு இரண்டு கொக்கி அடித்தோம். ஒன்றில் பள்ளிக்கூடப் பை, இன்னொன்றில் ஓதப் போகும் பை. தொப்பியும் முக்காடும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும். காலுறை எல்லாம் ஒரே நிறத்தில் வாங்கினோம். ஒன்று தொலைந்தால் மற்றொன்று பொருந்தும். நடுவுள்ளவனுக்கு நாடா கட்டும் ஷூவுக்குப் பதிலாக ஒட்டும் பட்டை வைத்த ஷூ. இதெல்லாம் சிறு விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் காலைச் சத்தத்தில் பாதி காலுறையாலும் நாடாவாலும் வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கைப்பேசிச் செய்திகளை இரவு இஷாவுக்குப் பிறகு ஒருமுறை பார்க்கிறோம். காலை ஏழரை மணிக்குத்தான் 'இன்று வரைபடம் கொண்டுவர வேண்டும்' என்று படித்துப் பதறுவது நின்றது.

அடுத்து அடுப்படி. நம் வீடுகளில் பெண்களின் நேரம் அதிகம் போவது அங்கேதான்.

முதலில் 'இன்று என்ன சமைப்பது' என்ற கேள்வியை எடுத்தோம். பள்ளிச் சாப்பாட்டுக்குக் கிழமை வாரியாக முடிவு செய்துவிட்டோம். திங்கள் இட்லி பொடி, செவ்வாய் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும், புதன் எலுமிச்சை சாதம், வியாழன் தோசை, வெள்ளி தக்காளி சாதமும் முட்டையும். எல்லா வாரமும் இதேதான். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள் என்று பயந்தோம். நடந்தது வேறு. நாளை என்ன என்று முன்பே தெரிவதால் அழுகை குறைந்தது. பெரியவர்களுக்கும் அதே உணவுதான். பிள்ளைக்கு ஒன்று, அத்தாவுக்கு ஒன்று என்று இரண்டு சமையல் கிடையாது. பிரியாணி, நெய்ச்சோறு, மீன் ஆணம் எல்லாம் விடுமுறை நாளில், நிதானமாக. மீனைக் கடையிலேயே ஆய்ந்து வாங்கிவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்துப் புளிக்க வைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். தேவையானதை மட்டும் வெளியே எடுக்கிறோம். இஞ்சி பூண்டு விழுது உப்பும் சிறிது எண்ணெயும் சேர்த்து அரைத்தால் ஒரு வாரம் வரும். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. சின்ன வெங்காயத்தை உரித்து மூடிய டப்பாவில் வைக்கலாம். துருவிய தேங்காயை ஃப்ரீசரில் வைக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: முந்தின இரவுச் சோற்றை வெளியே வைத்துவிட்டுக் காலையில் பிள்ளைக்குக் கிளறிக் கொடுக்காதீர்கள். அதில் வளரும் கிருமியின் நஞ்சு சூடு செய்தாலும் போகாது. மிஞ்சினால் ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இரண்டாவது, செய்யாமலே விட்டவை. இதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் போடும் உடைகளுக்கு இஸ்திரி நிறுத்தினோம். காலையில் வீடு பெருக்குவதை நிறுத்தி மாலைக்கு வைத்தோம். சிறு பிள்ளைகளின் துணிகளை மடிப்பதையும் விட்டோம். ஆளுக்கு ஒரு கூடை, அதில் போட்டுவிடுவது. யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றத்தான் செய்தது. வந்தவர்களில் சிலர் சொல்லவும் செய்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கப் பழகினோம்.

இந்த இடத்தில் எங்களுக்குத் தெம்பு தந்த ஒரு செய்தியை நினைவூட்டுகிறோம். நபி (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழுவிக்க நினைத்து நிற்கும்போது ஒரு குழந்தையின் அழுகை கேட்டால், அந்தத் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. குழந்தைக்காகத் தொழுகையையே சுருக்க முடியும் என்றால், நம் வீட்டுப் பொரியலையும் இஸ்திரியையும் சுருக்கினால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது, வேறொருவர் செய்வது. இங்கேதான் ஆண்களிடம் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த 26 வேலைகளில் அத்தா செய்தவை நான்கு. மீதி அம்மா. தாளில் பார்க்கும் வரை இருவருக்குமே அது தெரியவில்லை. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் புறப்படுவார்கள் என்றுதான் விடை வந்தது. இதை நாமெல்லாம் பயானில் கேட்டிருக்கிறோம். எச்சில் பாத்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரவுப் பாத்திரமும் பிள்ளைகளின் பையும் அத்தாவின் பொறுப்பு. ஆரம்பத்தில் நன்னிமாவுக்கு இது பிடிக்கவில்லை. 'நான் உயிரோடு இருக்கும்போது என் மகன் பாத்திரம் கழுவுவதா?' என்று இரண்டு நாள் பேசவில்லை. நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்களாகவே வந்து, 'கீரை ஆய்வதையும் வெங்காயம் உரிப்பதையும் என்னிடம் கொடுங்கள், உட்கார்ந்த இடத்தில் செய்கிறேன்' என்றார்கள். இத்தனை நாள் அவர்களுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பிள்ளைகளும் செய்வார்கள். மூன்று வயதில் பொம்மையைப் பெட்டியில் போடலாம். ஐந்து வயதில் சுஃப்ரா விரித்துத் தட்டு வைக்கலாம். ஏழு வயதில் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் தானே கழுவி நிரப்பலாம். தண்ணீர் சிந்தும், தாமதமாகும். நாமே செய்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் அப்படிச் செய்தால் பத்து வருடமும் நாமேதான் செய்துகொண்டிருப்போம்.

எங்களுக்குச் சரிவராதவையும் உண்டு. சுவரில் கலர் அட்டவணை ஒட்டினோம், பத்து நாளில் யாரும் பார்க்கவில்லை. நான்கு மணிக்கே எழுந்து எல்லாம் முடிக்கப் பார்த்தோம், மாலையில் அந்தத் தூக்கக் குறைவு பிள்ளைகள் மீது கோபமாக வெளிப்பட்டது. இப்போதும் வாரத்தில் ஒரு நாள் குழப்பமாகத்தான் போகிறது. சில நாட்களில் வெறும் ரொட்டியும் பாலும் வாழைப்பழமும்தான். அதுவும் உணவுதானே.

கணவர் சபரில் இருக்கும் சகோதரிகளும், கணவரை இழந்த சகோதரிகளும் இங்கே இருக்கிறீர்கள். 'உங்களுக்குப் பகிர ஆள் இருக்கிறது, எங்களுக்கு?' என்று நீங்கள் கேட்பது நியாயம். உங்களுக்கு முதல் இரண்டு கேள்விகளும் இன்னும் அவசியம். முந்தின நாளே செய்ய முடியாதவற்றை அஞ்சாமல் விடுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை உங்கள் தெருவில் இருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று வீட்டார் சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளைகளை ஓதுமிடத்துக்கு அழைத்துப் போகிறோம். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் முறை வரும். அதில் ஒரு சகோதரியின் கணவர் குவைத்தில் இருக்கிறார். அவர் தினமும் மாலை வீடியோவில் மகனை ஓதச் சொல்லிக் கேட்கிறார். அந்த அரை மணி நேரம் அந்தச் சகோதரிக்கு அடுப்படியில் நிம்மதியாக வேலை ஓடுகிறது. அக்கம்பக்கத்தில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் இருந்தால், அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நாமே போய்க் கேட்போம்.

முடிவாக ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். இன்று இரவு ஒரு தாளை எடுத்து உங்கள் காலை வேலைகளைக் கணவனும் மனைவியுமாக எழுதுங்கள். ஒன்றை முந்தின இரவுக்கு மாற்றுங்கள். ஒன்றை விட்டுவிடுங்கள். ஒன்றைக் கை மாற்றுங்கள். அடுத்த வாரம் இன்னும் ஒன்று.

எங்கள் சின்னவள் இப்போது காலையில் தானே செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்கிறாள். குனியும்போது அந்தத் தழும்பு தெரியும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் எங்கள் இருவருக்கும் கால் சற்று நிதானமாகிறது. உங்களுக்கு அந்தத் தழும்பு இல்லாமலே நிதானம் வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக. நம் வீடுகளில் அமைதியையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.