கரஸ்ல எம்.பி.ஏ. படிச்சா மதிப்பு இருக்கா?

குன்றத்தூர் தேரடியில் விடியற்காலையில் நின்றால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று முதல் ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகள். டிப்ளமோ முடித்தவர்களும் பி.காம். முடித்தவர்களும் அதில் இருப்பார்கள். பக்கத்து மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ்: “பி.பி.ஏ., எம்.பி.ஏ., வீட்டிலிருந்தே படிக்கலாம்.” கீழே ஒரு செல் நம்பர். எந்தப் பல்கலைக்கழகம் என்பது மட்டும் அதில் இருக்காது.

நான் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழைச் சரிபார்ப்பதும், பட்டம் உண்மைதானா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்பதும் என் வேலை. அதனால் கடைத்தெருவில் பார்த்தாலும் பிள்ளைகள் நிறுத்திக் கேட்பார்கள்: “சார், கரஸ்ல எம்.பி.ஏ. பண்ணலாமா? மதிப்பு இருக்கா?”

கரஸ், அதாவது அஞ்சல்வழிப் படிப்பு, என்றாலே மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே வெளியூர் மாணவர்களுக்குத் தன் தேர்வைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் ஆரம்பித்தன. தபாலில் வந்த பாடக்கட்டைப் பிரித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு படித்துப் பட்டம் வாங்கிய அம்மாக்கள் எத்தனை பேர்! வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கரஸில் படித்து, மேனேஜராக ஓய்வு பெற்றவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சைதாப்பேட்டையில் இருக்கிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் உருவானதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

ஆனால் ‘மதிப்பு’ என்று நீங்கள் கேட்கிறபோது, யாரிடம் மதிப்பு என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. சட்டம் ஒரு பதில் சொல்லும், அரசு வேலை இன்னொரு பதில் சொல்லும், தனியார் கம்பெனி வேறொன்று சொல்லும்.

முதலில் சட்டம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, தொலைநிலைக் கல்விக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. 2020-ல் வந்த விதிகளின்படி, நாக் (NAAC) என்ற தர மதிப்பீட்டில் 4-க்கு 3.01 வாங்கியிருப்பது இந்த அனுமதிக்கான முக்கியமான அளவுகோல்களில் ஒன்று. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கு விதி வேறு. முறைப்படி அனுமதி பெற்ற படிப்பில் வாங்கும் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூஜிசி தெளிவாகவே சொல்லிவிட்டது. 

பேரை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடாதீர்கள் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேர் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? அதைப் பற்றியே 2022-ல் யூஜிசி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. தொலைநிலைக் கல்விக்கான அனுமதி 2014-15 கல்வியாண்டு வரைதான் என்றது அந்த அறிவிப்பு. நடுவில் சேர்ந்து படித்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். பல்கலைக்கழகம் பெரியதுதான், ஆனால் நீங்கள் சேர்கிற வருஷத்துக்கு, நீங்கள் சேர்கிற படிப்புக்கு அனுமதி இருக்கிறதா? இதைத்தான் பார்க்க வேண்டும். இந்த நிலை வருஷா வருஷம் மாறும். 2024 முதல், சேருகிற மாணவரே டெப் ஐடி என்ற ஒரு எண்ணை யூஜிசி தளத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆகியிருக்கிறது. அந்த எண்ணைக் கேட்காமலே அட்மிஷன் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த மின்கம்ப நோட்டீஸுக்கு வருகிறேன். ஒரு பெண், இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், அப்படி ஒரு சென்டரில் இரண்டு வருஷம் தவணை தவணையாகப் பணம் கட்டியிருந்தாள். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பேர் போட்ட எம்.பி.ஏ. மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கசங்காமல் கொண்டுவந்தாள். நாங்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டோம். அப்படி ஒரு பதிவெண்ணே தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். அவள் அழவில்லை. கட்டிய பணத்துக்கான ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். எந்த ரசீதிலும் பல்கலைக்கழகத்தின் முத்திரை இல்லை. எல்லாம் அந்த சென்டரின் பேரில். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்கவில்லை. படிப்பை ஃப்ரான்சைஸ் கொடுத்து நடத்த யூஜிசி அனுமதிப்பதே இல்லை. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தவும் கூடாது. பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும்.

அரசு வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் படித்த வரிசையும் முக்கியம். பத்தாவது, பிளஸ் டூ, மூன்று வருஷப் பட்டம், அதற்கு மேல்தான் முதுகலை. இளங்கலை இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. செல்போனில் விளம்பரம் வருகிற வெளிநாட்டு எம்.பி.ஏ. பற்றியும் கேட்கிறார்கள். அனுமதியில்லாமல் ஆன்லைன் கம்பெனிகளோடு சேர்ந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் பட்டங்களை அங்கீகரிக்க மாட்டோம் என்று 2023 டிசம்பரில் யூஜிசி எச்சரித்திருக்கிறது.

சரி, அனுமதி இருக்கிறது, பட்டம் உண்மையானது. படிப்பு நல்ல படிப்புதானா? தனியார் கம்பெனி பார்ப்பது இதைத்தான். இங்கேதான் நான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தப் படிப்பை முடித்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவருடைய திருத்தி வந்த அசைன்மென்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு தம்பி கரஸில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். சரக்கு இருப்பு பற்றி ஒரு அசைன்மென்ட். புத்தகத்தில் இருந்த சூத்திரத்தை அப்படியே எழுதி அனுப்பியிருந்தார். திரும்பி வந்த தாளில் மார்க் குறைவு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: “உங்கள் ஸ்டோரில் ஒரு பேரிங் தீர்ந்தால், அடுத்தது வர எத்தனை நாள் ஆகிறது? அதை எழுதுங்கள்.” தம்பி பழைய சரக்கு ரசீதுகளைக் கட்டோடு எடுத்து உட்கார்ந்துவிட்டார். ஒரே சப்ளையர், ஒரே பேரிங். ஒரு தடவை நான்கு நாளில் வந்திருக்கிறது, இன்னொரு தடவை பதினொரு நாள். சராசரியை வைத்து ஆர்டர் போட்டதால்தான் லைன் நிற்கிறது என்று அவருக்கே அன்றைக்குப் புரிந்தது. பிறகு பதவி உயர்வுக்கான நேர்காணலில், எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரே ஒரு கேள்வி. மீதி நேரமெல்லாம் அந்தப் பேரிங்கைப் பற்றித்தான் பேசினோம்.

முகம் தெரியாத ஒரு ஆசிரியர் தாளை உட்கார்ந்து படித்திருக்கிறார் இல்லையா, எனக்குப் படிப்பின் தரம் என்றால் அதுதான். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் என்று வைத்திருப்பதன் நோக்கமும் இப்படித் திருத்திச் சொல்லிக்கொடுப்பதுதான். அசைன்மென்ட்டை நாங்களே எழுதித் தருகிறோம், தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது காகிதம் மட்டும்தான்.

போன மாதம் தேரடியில் கேட்ட ஒரு தம்பி, இதையெல்லாம் பார்த்துத்தான் சேர்ந்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதல் காண்டாக்ட் கிளாஸ். சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.