ஸ்மோக்கிங் என்கிற கோட்டு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. "ஸ்மோக்கிங்" என்பது அது. பீடி, சுருட்டுக் குடிக்காதே என்று உபதேசம் செய்ய வந்திருக்கிறான் போலும் என்று பயந்துவிடாதீர்கள். நான் சொல்லப்போவது ஒரு கோட்டின் கதை. நான் காலேஜில் படித்தவனல்ல. அகராதியைப் புரட்டிப் புரட்டி இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன். அப்படிப் புரட்டியதில் கிடைத்த வேடிக்கைகளில் இது ஒன்று.

ஸ்மோக்கிங் என்றால் புகை குடித்தல் என்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் பாரிஸ் பட்டணத்தில் ஒரு தையற்காரனிடம் போய் "ஸ்மோக்கிங் வேண்டும்" என்று கேட்டால், அவன் நெருப்புப்பெட்டியைத் தேடமாட்டான். அளவு நாடாவை எடுப்பான். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ருஷியன் முதலிய பாஷைகளில் ஸ்மோக்கிங் என்றால், பெரிய மனிதர்கள் ராத்திரி விருந்துக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டு உடுப்பு. இங்கிலீஷ்காரனோ அந்த உடுப்பை அப்படிச் சொல்லுவதே இல்லை. அவனுக்கு அது "டின்னர் ஜாக்கெட்டு." தன் வீட்டுப் பிள்ளை அண்டை வீட்டில் வேறு உத்தியோகம் பார்ப்பது அவனில் அநேகருக்குத் தெரியவே தெரியாது!

இது எப்படி வந்தது? 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியா யுத்தத்தையொட்டி இங்கிலாந்தில் துருக்கிப் புகையிலைக்கு மோகம் அதிகமாயிற்று. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் தனி அறைக்குப் போய்ப் புகை குடிப்பார்கள். நல்ல துணியில் சாம்பலும் நாற்றமும் படக்கூடாதென்று பட்டிலோ வெல்வெட்டிலோ ஒரு குட்டைக் கோட்டை மாட்டிக்கொள்வார்கள். அதற்கு "ஸ்மோக்கிங் ஜாக்கெட்டு" என்று பேர். பிறகு, வால் தொங்கும் நீளக் கோட்டுக்குப் பதிலாக விருந்துக்கே ஒரு குட்டைக் கோட்டுப் போடும் வழக்கம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். கூடவே பேரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பேர் நீளம் என்று ஜாக்கெட்டை வெட்டிவிட்டுப் புகையை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள்.

சிரிக்கிறீர்கள். நாம் என்ன செய்திருக்கிறோம்? இங்கிலீஷில் "ரயில்" என்றால் தண்டவாளம். நாம் வண்டியை விட்டுவிட்டுத் தண்டவாளத்தின் பேரை வண்டிக்குச் சூட்டி "ரயில் வந்துவிட்டது" என்கிறோம். இதனால் எவனாவது தண்டவாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து பிரயாணம் செய்ததுண்டா? பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அர்த்தம் ஒன்றாயிருந்தால் வார்த்தையின் வேலை தீர்ந்தது. "மூலத்தில் அர்த்தம் வேறாயிற்றே" என்று கத்துகிற பண்டிதர், அந்த மூலம் எங்கேயிருந்து வந்தது என்பதையும் சற்று விசாரிக்கட்டும்.

ஸ்பெயின் தேசத்தார் இதை "எஸ்மோக்கின்" என்கிறார்கள். "ஸ்" என்று மெய்யெழுத்தில் தொடங்க அவர்கள் நாக்கு வளையாது. முன்னால் ஓர் உயிரெழுத்து வேண்டும். நம் கிராமத்தார் ஸ்கூலை "இஸ்கூல்" என்பதும் அதேதான். அங்கே அகராதியிலேயே அப்படி அச்சுப் போட்டிருக்கிறார்கள். இங்கேயோ "இஸ்கூல்" என்றவனைப் பட்டிக்காட்டான் என்று நாலெழுத்துப் படித்தவர்கள் ஏளனம் செய்கிறார்கள்.

அமெரிக்காக்காரன் வழி இன்னும் வேடிக்கை. அவன் அந்தக் கோட்டை "டக்சீடோ" என்கிறான். அது நியூயார்க் ராஜ்யத்தில் ஓர் ஊர்ப் பேர். அந்நாட்டுப் பூர்வகுடிகளின் பாஷையிலிருந்து வந்தது. அங்கே லொரில்லார்டு என்ற தனவந்தர் 1886ல் பணக்காரர்களுக்காக ஒரு கிளப் வைத்தார். கிளப்புக்காரர்கள் போட்ட கோட்டுக்கு ஊரின் பேர் ஒட்டிக்கொண்டது. அந்தக் குடும்பத்துக்குப் பணம் எந்த வியாபாரத்தில் வந்தது தெரியுமா? மூக்குப்பொடியிலும் புகையிலையிலும்! பேரில் புகை போனாலும் பணத்தில் புகை போகவில்லை.

நாம் கொடுத்ததும் உண்டு. இங்கிலீஷ் அகராதியில் "செரூட்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது வேறொன்றுமல்ல, நம்முடைய சுருட்டு. ஆகவே இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனுக்குப் புகைக் கோட்டைக் கொடுத்தான் என்றால், அவன் குடித்த புகைக்குப் பேர் கொடுத்ததில் நமக்கும் பங்குண்டு.

இனி உடுப்புக்கு வருகிறேன். ஜாக்கெட்டு என்பது அங்கே முதலில் ஆண் பிள்ளையின் சட்டை. நம் நாட்டில் அது ரவிக்கையாகிப் பெண்களுக்கே உரியதாகிவிட்டது. "இது ஆண் உடை, இது பெண் உடை" என்று ஏதோ பிறவியிலேயே விதித்தது போல் பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

1966ல் பாரிஸில் ஈவ் சேன் லோரான் என்ற தையற்கலைஞர், பெண்களுக்கென்று கால்சட்டையோடு ஒரு ஸ்மோக்கிங் தைத்து, அதே பேரில் வெளியிட்டார். அந்தப் பட்டணத்திலோ 1800ல் போட்ட ஒரு போலீஸ் உத்தரவு இருந்தது. ஆண் உடை தரிக்க விரும்பும் பெண் போலீசிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்பது அதன் சாரம். 1892லும் 1909லும் கொஞ்சம் தயவு காட்டினார்கள். எப்படிப்பட்ட தயவு? சைக்கிள் கைப்பிடியையோ குதிரைக் கடிவாளத்தையோ பிடித்திருந்தால் பெண் கால்சட்டை போடலாமாம்! கடிவாளத்தை விட்டால் குற்றம், பிடித்தால் குற்றமில்லை. சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த தேசத்தின் சட்டம் இது.

நாளடைவில் அந்த உத்தரவை அமல் நடத்துவாரில்லை. ஆனால் ஏட்டிலிருந்து யாரும் அதை அடிக்கவுமில்லை. 2013ல்தான் அந்நாட்டுப் பெண்கள் உரிமை மந்திரி அது செல்லாது என்று எழுத்து மூலம் தெரிவித்தார். ஸ்மோக்கிங் போட்ட பெண்கள் அதற்குள் 47 வருஷமாய் அந்த வீதிகளில் நடந்துகொண்டிருந்தார்கள்.