திங்கட்கிழமை வராத பையன்

நேயர்களே, சிறப்பாகப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் இளைஞர்களே! படிப்பை இடையிலே நிறுத்திவிடும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களோ படிப்பவர்கள். உங்களிடம் இதைச் சொல்லுவானேன் என்று கேட்கத் தோன்றும். காரணம் உண்டு, பேச்சின் போக்கில் அது விளங்கும்.

நான் கணக்கு உபாத்தியாயனாக இருந்தவன். 1985-ஆம் ஆண்டில், கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வட்டிக் கணக்கைத் தாளில் எழுதாமல் மனத்திலேயே போட்டு விடையைச் சொல்லிவிடுவான். அவன் திங்கட்கிழமைகளில் மட்டும் வரமாட்டான். செவ்வாயன்று வந்து நிற்பான், நான் கடிந்துகொள்வேன், தலையைக் குனிந்துகொள்வான். இப்படியே இரண்டு மாதம் கழிந்தது. பிறகு செவ்வாயும் வராமற்போனான். பின்னர் வாரம் முழுவதும் இல்லை. விதிப்படி, வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அடித்த கை இந்தக் கைதான்.

பல ஆண்டுகள் கழிந்தபின் குளச்சல் சந்தையில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வணங்கினார். அவனேதான். கடற்கரையூர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகமாட்டார்கள். திங்கள் விடியற்காலையில் கடலுக்குச் செல்லும் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றும் கூலி வேலைக்கு அவனை அனுப்பியிருக்கிறார்கள். பேசிக்கொண்டிருந்தவர், "நீங்க ஒருநாளு வீட்டுக்கு வருவியன்னு நெனச்சேன் சாரே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் உடன் வந்தது.

அமெரிக்க நாட்டின் ஃபிலடெல்பியா நகரில் ஏறத்தாழ 13,000 மாணவர்களை ஆறாம் வகுப்பிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ராபர்ட் பால்ஃபான்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் மூவர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிற்காலத்தில் படிப்பை விட்டவர்களிடம் ஆறாம் வகுப்பிலேயே சில அறிகுறிகள் தென்பட்டிருந்தன. வருகை நூற்றுக்கு 80 அல்லது அதற்குக் கீழே இருத்தல், கணக்கில் தவறுதல், மொழிப் பாடத்தில் தவறுதல், நடத்தையில் குறை காணப்படுதல் ஆகியவை அவை. இந்தச் செய்தியைப் படித்தபோது நான் துணுக்குற்றேன். வாரத்திற்கு ஐந்து நாட்களில் ஒரு நாள் வராதவனுடைய வருகை எவ்வளவு? சரியாக நூற்றுக்கு 80. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு அன்று விளங்கவில்லை!

எல்லாக் காரணங்களும் பதிவேட்டில் எழுதப்பட்டிரா. ஆனால், படிக்கத் தெரிந்தவருக்குப் பதிவேடு ஒரு பஞ்சாங்கம் போன்றது. நாஞ்சில் நாட்டு வயற்புறங்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு அறுவடைக் காலங்களிலும் வகுப்பில் இடங்கள் காலியாகும். பனை பதநீர் சொரியும் மாதங்களில், அக்கானி காய்ச்ச விறகு பொறுக்கும் பிள்ளைகள் காணாமற்போவர். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் ஒழுங்காக வரும் பையன், தடை நீங்கி ஆகஸ்ட் பிறந்ததும் வராவிட்டால், அவன் எங்கே இருக்கிறான் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்து, தூத்தூர்ப் பகுதி ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லையே, அத்தகைய வீடுகளில் மூத்த மகனாக ஒரு சிறுவன் இருந்தால் அவன் தோள்மேல் என்ன இறங்கும் என்பதை நான் சொல்லவேண்டுமா?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்கு, நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிந்தவர். நமக்கு அதில் பெருமை உண்டு. ஆயினும் அந்தப் பெருமையே சில வேளைகளில் கண்ணை மறைக்கிறது. 'நம் ஊரிலா படிப்பை விடுகிறார்கள்?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைக்கப் பாடம் மட்டும் போதாது என்பதை இந்த மண் நெடுநாளைக்கு முன்பே கண்டது. திருவிதாங்கூரை ஆண்ட இராணி கௌரி பார்வதி பாயி, மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று 1817-இல் ஆணை பிறப்பித்தார். அதையடுத்த சில ஆண்டுகளில், லண்டன் மிஷனைச் சேர்ந்த அம்மையார்கள் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினர். மால்ட் அம்மையார் அங்கே லேஸ் பின்னவும் கற்பித்தார். பின்னியதை விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிற்காலத்துச் செய்திகளை நீங்கள் அறிவீர்கள். தாமே ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட காமராசர், முதலமைச்சராக இருந்து 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நம் மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அவரே 1969 முதல் 1975-இல் மறையும் வரை நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1982-இல் சத்துணவு வந்தது. 2022-இல் காலை உணவும், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயும் வந்தன. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயது வரைதான். ஒன்பதாம் வகுப்பின் வாசலில் அது கையை விட்டுவிடுகிறது. பிள்ளைகள் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் அந்த வாசலில்தான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். 2003-இல் கல்குளம் வட்டத்துப் பள்ளியொன்றில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி வாரக்கணக்கில் வரவில்லை. 'காய்ச்சல்' என்று சீட்டு வந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "காய்ச்சல் இல்லை சார். அவ விரலைப் பாத்தியளா?" என்றாள். நான் பார்த்திருக்கிறேன், நுனி கறுத்திருந்தது. மருதாணிக் கறை என்று எண்ணியிருந்தேன். முந்திரிக்கொட்டை ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுப் பட்டு விரல் அப்படிக் கறுக்கும். முந்திரித் தொழிற்சாலையை இங்கே 'அண்டி ஆபீஸ்' என்பார்கள். தாய் அங்கே வேலைக்குச் செல்கிறாள். கொட்டை மூட்டை ஒன்று வீட்டுக்கும் வருகிறது. பகலில் இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொண்டு, கொட்டையையும் உடைக்கிறாள் பெண்.

இம்முறை நான் வீட்டுக்குப் போனேன். தலைமையாசிரியை அம்மாவும் வந்தார். "படிப்பு முக்கியம்" என்று ஒரு சொல்லும் நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு அது தெரியாதா என்ன? தம்பியை யார் பார்ப்பது என்பதுதான் அங்கே இருந்த கேள்வி. பள்ளிக்கு நான்கு வீடு தள்ளி அங்கன்வாடி இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளையை அங்கே விட அம்மாவுக்கு மனமில்லை, அழுவான் என்றாள். இடைவேளையில் அக்காளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார். கொட்டை உடைப்பதை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்வதாகத் தாய் ஒப்புக்கொண்டாள். அதை முழுதும் ஒழிக்க எங்களால் இயலவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று விட்டுப்போன பாடங்களைப் பற்றிக் கேட்டேன். பக்கத்துப் பெண் மூன்று வாரமாகத் தன் நோட்டைத் தினமும் மாலையில் அவள் வீட்டில் கொடுத்துக் காலையில் வாங்கிவந்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அந்த நோட்டின் ஓரங்களிலும் கறுப்பு விரல் தடம் பதிந்திருந்தது.

தம்பி முதல் நாள் ஓயாமல் அழுதான். அக்காள் இரண்டு முறை எழுந்து ஓடினாள். மறுவாரம் இடைவேளை மணி அடித்தபோது அவள் போகவில்லை. கரும்பலகையில் இருந்த கணக்கை எழுதி முடித்துக்கொண்டிருந்தாள்.