எண்ணெய் விலையும் மலைநாட்டு வாழ்வும்

(போடிமெட்டில் ஏல விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கு வந்து சேரும் அரிசியாயினும் உரமாயினும், அதன் விலையோடு டீசலின் விலையும் கலந்தே வருகிறது. விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றி வரும் ஜீப்பு, ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோர், கோடையில் ஓடும் பம்புசெட்டு, போடியிலுள்ள ஏல மையத்திற்கு இறங்கும் மூட்டை ஆகிய யாவும் எரிபொருளை நம்பியவையே. ஆதலின், "நம் நாட்டிலேயே எண்ணெய் எடுத்தால் விலை குறையாதா? அதற்கு ஒரு சட்டம் செய்யலாகாதா?" என்று மக்கள் கேட்பது நியாயமே. இவ்வினாவை நாம் இன்று ஆராய்வோம்.

எண்ணெய் எடுப்பது நமக்குப் புதிதன்று. அஸ்ஸாமிலுள்ள திக்பாயில் 1889-ஆம் ஆண்டிலேயே எண்ணெய் கிடைத்தது. 1901-இல் அங்குச் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1948-இல் எண்ணெய் வயல்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1956-இல் எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தது. 1974-இல் பம்பாய்க் கடலில் பெரும் வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நமது காவிரிப் படுகையிலும் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் எடுக்கப்பட்டது.

எனினும் தேவை உற்பத்தியை வெகுவாக மிஞ்சிவிட்டது. 2023-24-ஆம் ஆண்டில் நாட்டில் எடுத்த கச்சா எண்ணெய் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டன். செலவான பெட்ரோலியப் பொருள்களோ சுமார் 23 கோடி டன். தேவையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது.

இங்கு ஓர் உண்மையை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். நம் மண்ணில் எடுத்த எண்ணெயும் உலகச் சந்தை விலையை ஒட்டியே விற்கப்படுகிறது. எனவே உள்நாட்டு உற்பத்தி பெருகினால் அந்நியச் செலாவணி மிஞ்சும். அரசுக்கு உரிமைத் தொகை சேரும். போர்க்காலத்தில் ஓரளவு காப்பும் கிட்டும். இவை சிறிய நன்மைகளல்ல. ஆனால் அதனால் மட்டும் போடி பங்க்கில் விலை இறங்கிவிடாது.

சட்டத்தால் ஆவது என்ன? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 2025-இல் திருத்தப்பட்டு, எண்ணெய் எடுக்க முன்வருவோருக்கு நிலையான குத்தகைக்கு வழி செய்யப்பட்டது. மறுபுறம், 2020-இல் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்குப் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை விதித்தது. நமக்கு டீசல் மலிவாக வேண்டும். தஞ்சை உழவருக்கோ நிலமும் நீரும் கெடாதிருக்க வேண்டும். அங்கு விளையும் நெல்லை உண்போரும் நாமே என்பதால், அவர்களுடைய அச்சத்தை அயலார் குறையெனத் தள்ளிவிட முடியாது.

விலையை உடனே மாற்ற வல்லது வரி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தது. அப்போது விலை இறங்கியதை நாம் அனைவரும் கண்டோம். ஆயினும் சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவாவதும் வரிப்பணமே. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றுக்கு வழி தேட வேண்டும்.

இனி, நம் கையில் உள்ளதைக் காண்போம். பச்சைக் காய் நாலைந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கிறது; எரிபொருளின் பெரும்பகுதி நீரை விரட்டவே செலவாகிறது. வெப்பம் வீணே கசியும் ஸ்டோர், லாபத்தையே எரிக்கிறது. கதவிடுக்குகளை அடைத்தும், அரை நிறை காய்க்காக அடுப்பு மூட்டாமல் அண்டைத் தோட்டத்தாரோடு சேர்ந்து உலர்த்தியும் இதனைத் தடுக்கலாம். சரக்கையும் அவ்வாறே சேர்த்து இறக்கலாம். 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் பயனாக, பம்புசெட்டுகளில் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி இடப்படுகிறது. வாங்குமுன் அதனைப் பார்ப்பது நலம். அகலப்பாதைப் பணிக்காக நின்றிருந்த போடி ரயில், 2023 ஜூனில் மீண்டும் வந்துவிட்டது. தொலைப் பயணத்திற்கு அதனைப் பயன்படுத்துவது சிக்கனம்.

எண்ணெய் வயலும் வரியும் சட்டமன்றங்களும் பாராளுமன்றமும் முடிவு செய்ய வேண்டியவை. அவற்றைப் பற்றிய கோரிக்கையைக் கிராம சபை மூலம் உரியவர்க்கு அனுப்புவோம். ஆனால் ஸ்டோரின் கதவிடுக்கை அடைக்க எந்த மசோதாவும் வேண்டியதில்லை. இவ்வாண்டுக் காயெடுப்புத் தொடங்குமுன் ஒவ்வொரு தோட்டமும் தன் எரிபொருட் கணக்கை எழுதத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.