பயம் விற்ற தரகர்களும் ஓக் பார்க் ஊரும்



வங்கியில் வீட்டுக்கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். இனவெறுப்பைப் பற்றிப் பேசச் சொன்னாலும் என் பேச்சு கடைசியில் வீட்டு விலையில்தான் போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகும் ஊரில் சங்கதியும் அங்கேதான் போய் நின்றது.

அமெரிக்காவில், சிகாகோ மாநகரின் மேற்கு எல்லையை ஒட்டி, தனி நிர்வாகம் கொண்ட ஓர் ஊர் ஓக் பார்க். எழுத்தாளர் ஹெமிங்வே பிறந்தது இங்கேதான். கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் குடியிருந்து பல வீடுகளைக் கட்டித் தந்ததும் இங்கேதான். நிழல் விழும் தெருக்கள், வசதியான வெள்ளையர் குடும்பங்கள். 1950-இல் இந்த ஊரில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார் பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின வேதியியலாளர்.

சாதாரண ஆள் இல்லை. அடிமையாக இருந்தவரின் பேரன், வியன்னா வரை போய் முனைவர் பட்டம் வாங்கியவர். சோயாவிலிருந்து ஹார்மோன்களைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கும் வழியைக் கண்டவர். போர்க்காலத்தில் கப்பல்களில் எரிந்த எண்ணெய்த் தீயை அணைத்த நுரையும் அவருடைய சோயாப் புரதத்திலிருந்து வந்ததுதான். சிகாகோ நாளிதழ் ஒன்று அவரை அந்த ஆண்டின் சிறந்த சிகாகோவாசி என்று கொண்டாடியது.

அவர் வாங்கிய வீட்டுக்குத் தண்ணீர் திறந்துவிட மாட்டேன் என்றார் ஊரின் குடிநீர் அதிகாரி. நீதிமன்றத்துக்குப் போவோம் என்ற பிறகே குழாயில் தண்ணீர் வந்தது. நவம்பரில், குடும்பம் குடிவருவதற்கு முன்பே, வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். 1951 ஜூனில் டைனமைட் வீசினார்கள். பெற்றோர் அப்போது வெளியூரில் இருந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் பிள்ளைகள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. அதற்குப் பிறகு அந்த விஞ்ஞானி இரவு நேரங்களில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார். மகனும் கூட உட்கார்ந்திருப்பான். அந்தப் பையன் வளர்ந்து மனித உரிமை வழக்கறிஞர் ஆனது தனிக் கதை.

அதே ஓக் பார்க்கில் இன்னொரு கூட்டமும் இருந்தது. ஜூலியன் குடும்பத்துக்கு ஆதரவாக ஊரார் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பின்னால் நடந்தவற்றுக்கு விதை இதுதான் என்று எனக்குப் படுகிறது.

குண்டு வீசி ஒரு மாதம் ஆகவில்லை. பக்கத்து ஊரான சிசரோவில் ஹார்வி கிளார்க் என்ற கறுப்பினப் பேருந்து ஓட்டுநர், படையில் பணியாற்றியவர், ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். ஆயிரக்கணக்கானோர் கூடி அந்தக் கட்டடத்தையே சூறையாடினார்கள். ஆளுநர் தேசியக் காவல் படையை அனுப்பவேண்டி வந்தது. நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அதற்கு அடுத்த காட்சியை. வழக்கு யார்மேல் பாய்ந்தது தெரியுமா? முதலில் கூடிய நடுவர் குழு கலவரக்காரர்களை விட்டுவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர்மேலும், கிளார்க்கின் வழக்கறிஞர்மேலும் குற்றம் சாட்டியது. கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விட்டு அக்கம்பக்கத்துச் சொத்துகளின் சந்தை விலையைக் குறைக்கச் சதி செய்தார்களாம்! அந்த வழக்கு நிற்கவில்லை என்பது வேறு. ஆனால் மனசுக்குள் இருந்த கணக்கு ஏட்டிலேயே ஏறிவிட்டது.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. எங்கள் கிளைக்கு ஒரு வீட்டின் கோப்பு வந்தது. பத்திரம் சுத்தம், வில்லங்கச் சான்றிதழில் ஒரு குறையில்லை, கட்டடமும் நல்ல உறுதி. ஆனால் மதிப்பீட்டாளர் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தார். ஏனய்யா என்று கேட்டேன். "அந்தத் தெரு முனையைத் தாண்டினா யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார். சுவர் விரிசலை எழுதப் படிவத்தில் இடம் உண்டு. இதை எழுத இடமில்லை. எழுதாமலே எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அமெரிக்காவில் அதை எழுதவே இடம் வைத்திருந்தார்கள். 1930-களில் அரசு சார்ந்த கடன் நிறுவனம் நகரங்களைப் பகுதி பகுதியாக மதிப்பிட்டது. அந்தப் படிவத்தில் கறுப்பினத்தவர் இருக்கிறார்களா, யார் 'ஊடுருவி' வருகிறார்கள் என்றெல்லாம் தனித்தனியே நிரப்ப வேண்டும். அதை வைத்து வரைபடத்தில் நிறம் தீட்டினார்கள். சிவப்பு விழுந்த பகுதி கடன் கொடுக்க ஆபத்தானது. கடன் வராத தெருவில் வீடு பழுதாகும், விலை விழும். பிறகு அதையே காட்டி, பார்த்தீர்களா, அவர்கள் வந்தார்கள், விலை விழுந்தது என்பார்கள்.

இந்தப் பயத்தைச் சரக்காக்கிக் கடை விரித்தவர்கள் தரகர்கள். எங்கள் கிளைக்கு அடிக்கடி வரும் ஒரு தரகர் சொல்வார், "வாங்குறவனை அவசரப்படுத்தினா ஓடிடுவான் சார், விக்கிறவனைத்தான் அவசரப்படுத்தணும்." சிகாகோ தரகர்கள் அந்தக் கலையில் கரைகண்டவர்கள். வெள்ளையர் தெருவில் ஒரு வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்பார்கள். ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் காசு கொடுத்துக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவில் நடக்கச் சொல்வார்கள். மறுநாள் கதவைத் தட்டி, இப்போது விற்றால் இந்த விலை, அடுத்த மாதம் இதுவும் இல்லை என்பார்கள். பயந்தவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்கு இரட்டிப்பு விலைக்கு விற்பார்கள். இரண்டு பக்கமும் வெட்டு.

ஓக் பார்க்கின் கிழக்கு எல்லையில் ஒரு சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் சிகாகோவின் ஆஸ்டின் பகுதி. 1960-களிலும் 70-களிலும் ஆஸ்டினில் தெருத் தெருவாக இது நடந்ததை ஓக் பார்க்வாசிகள் வாசலில் நின்றே பார்த்தார்கள். அடுத்தது நாம்தான் என்று தெரிந்துவிட்டது.

சட்டப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நேரம் போதாது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் தேசிய அளவில் வீட்டு உரிமைச் சட்டம் கையெழுத்தானது. மே மாதம் ஓக் பார்க் நிர்வாகமும் இன அடிப்படையில் வீடு மறுப்பதைத் தடைசெய்து தன் சட்டத்தை நிறைவேற்றியது.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு மேல்தான் வருகிறது. சட்டம் வந்தால் பயம் போய்விடுமா? அந்த ஊர் போகாது என்று புரிந்துகொண்டது. அதனால் தரகர் கையில் இருந்த கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பார்த்தது.

முதல் கருவி, 'விற்பனைக்கு' என்ற பலகை. ஒரு வீட்டு வாசலில் பலகை நின்றால் யாரும் பார்ப்பதில்லை. ஒரே தெருவில் ஐந்து நின்றால் ஆறாவது வீட்டுக்காரர் அன்றிரவு தூங்க மாட்டார். ஓக் பார்க் அந்தப் பலகைகளையே தடைசெய்தது. 1977-இல் நியூஜெர்சியின் வில்லிங்பரோ ஊர் போட்ட இதே மாதிரித் தடையை உச்ச நீதிமன்றம் கருத்துரிமைக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. பிறகும் ஓக் பார்க்கில் பலகை முளைக்கவில்லை. உள்ளூர்த் தரகர்களே, வேண்டாம், நாங்கள் வைக்க மாட்டோம் என்று நிறுத்திக்கொண்டார்கள். நீதிமன்றம் கொடுத்த உரிமையைத் தரகர்கள் வேண்டாமென்று சொன்னதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை!



இரண்டாவது ஏற்பாடு, கடன் பிரிவுக்காரனான எனக்குத் தேன் மாதிரி. 1970-களின் கடைசியில் ஊர் ஒரு விலை உறுதித் திட்டம் போட்டது. வீட்டுக்காரர் கட்டணம் கட்டித் தம் வீட்டை மதிப்பிட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். 5 ஆண்டு கழித்து விற்கும்போது அந்த மதிப்புக்குக் கீழே விலை போனால், நஷ்டத்தில் 80 விழுக்காட்டை ஊர் நிர்வாகம் தரும். எவ்வளவு துணிச்சல், பாருங்கள். ஊரே திரண்டு இழப்பீடு கேட்டிருந்தால் கஜானா தாங்கியிருக்காது. ஆனால் திட்டத்தில் சேர்ந்தவர்களே சிலர்தான். இழப்பீடு கேட்டவர் ஒருவரும் இல்லை. காரணம், விலை விழவில்லை. 1975-இல் புது நிர்வாக அலுவலகத்தையும் எல்லாரும் பயந்த அந்தக் கிழக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். நாங்கள் இங்கிருந்து ஓடப்போவதில்லை என்று செங்கல்லால் சொன்ன மாதிரி.

ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணியைச் சொல்லாமல் போனால் பாவம். அந்த ஊரிலேயே வளர்ந்தவர், நடிகையாக இருந்தவர், பிறகு சமூகவியல் படித்தவர். 1972-இல் ஒரு வீட்டு வசதி மையத்தைத் தொடங்கினார். வாடகைக்கு வீடு தேடி வருபவரை உட்காரவைத்துப் பேசி, அவர் தானாக நினைத்துப் பார்க்காத தெருக்களையும் காட்டுவார்கள். வெள்ளையரிடம் கிழக்குப் பக்கம் பாருங்கள் என்பார்கள். கறுப்பினத்தவரிடம் ஊர் முழுக்கப் பாருங்கள் என்பார்கள். ஒரே கட்டடத்தில் ஒரே இனத்தார் குவியக்கூடாது என்பது நோக்கம்.

இதில் ஒரு முள் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. எங்களை எண்ணி எண்ணி வைக்கிறீர்களா என்று கறுப்பினத்தவர் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சில இடங்களில் 30 விழுக்காடு என்று உச்சவரம்பு வைக்கலாம் என்ற யோசனைகூட வந்து, எதிர்ப்பில் கைவிடப்பட்டது. வெள்ளையரின் பயத்தை ஆற்றுவதற்கு ஏன் கறுப்பினத்தவரின் தேர்வில் கைவைக்க வேண்டும்? எனக்கு இதற்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. இவ்வளவு மட்டும் சொல்லலாம்: சாலைக்கு அந்தப் பக்கம் சந்தையின் போக்கில் விட்டார்கள், ஆஸ்டினில் அது வெள்ளையரையும் விரட்டியது, கறுப்பினத்தவரையும் கொள்ளையடித்தது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், முடிக்க வேண்டும். 1970-இல் ஓக் பார்க்கில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2000-இல் நூற்றுக்கு 22 பேர். 1985-இல் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பெர்சி ஜூலியனின் பெயரை வைத்தார்கள். இப்போது அந்த ஊருக்கு நேர்மாறான கவலை. வீட்டு விலையும் சொத்து வரியும் ஏறி, நடுத்தரக் கறுப்பினக் குடும்பங்களால் கட்டுப்படியாகவில்லை. விலை விழாமல் காக்கத் தெரிந்தவர்கள், ஏறும் விலைக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள் என்று நம்புகிறேன். கண்டுபிடித்தால் இதே நேரத்தில் வந்து சொல்கிறேன்.