தட்டின் ஓரத்தில் ஒதுங்கிய பருப்பும் காயும்

உணவைப் பற்றிப் பேச மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது விடச் சொல்வார்கள். சோற்றை விடுங்கள், எண்ணெயை விடுங்கள், இனிப்பை விடுங்கள் என்பார்கள். ஒரு வாரம் விட்டுப் பார்ப்போம்; எட்டாம் நாள் பழையபடி இலை முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நான் எதையும் விடச் சொல்ல வரவில்லை. நம் சமையலறையில் சமைக்கும் பண்டங்களில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. சோறு, சாம்பார், கூட்டு, கீரைக் கடையல், மோர் எல்லாம் நல்ல உணவுதான். அவற்றைப் பரிமாறும் அளவில்தான் கோளாறு. மலைபோல் சோறு, அதை நனைக்கக் குழம்பு, தொட்டுக்கொள்ள ஓரத்தில் கொஞ்சம் பொரியல். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று மூன்று வேளையும் அரிசியே ஆள்கிறது. இந்த அளவு மாற வேண்டும், அந்த மாற்றத்தைத் தனிமனித மனவுறுதியை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

இதற்குச் சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றும், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள் என்றும் அது கணித்தது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. நாம் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வருவது 12 விழுக்காடு அளவே என்று அது காட்டியது. மாவுச்சத்தில் வெறும் 5 விழுக்காட்டு ஆற்றலைப் பயறு பருப்பிலிருந்தோ பாலிலிருந்தோ வரும் புரதத்துக்கு மாற்றினாலே நீரிழிவின் அபாயம் குறைவதாகக் கணக்கிட்டார்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துச் சுண்டலைக் கூட்டினால் அந்தத் திசையில் அடியெடுத்து வைத்ததாகும்.

இங்கே ஒரு குரல் எழும்: அரிசிக்குப் பதில் கம்பும் கேழ்வரகும் தின்றால் போதாதா? சிறுதானியத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. நார்ச்சத்தும் கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தும் நல்லவை. ஆனால் அதே ஆய்வு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது. ஆறு தோசைக்குப் பதில் ஆறு கேழ்வரகுத் தோசை என்பது பெரிய மாற்றமே இல்லை. நம் பாட்டன் பூட்டன் சோற்றைக் குவித்துத் தின்று நன்றாகத்தானே வாழ்ந்தார்கள் என்பது இன்னொரு குரல். அவர்கள் ஏர் உழுதார்கள், நீர் இறைத்தார்கள், காத தூரம் நடந்தார்கள். புன்செய்க் காட்டில் பலருக்கு நெல்லுச்சோறு விசேஷ நாளில்தான் வாய்த்தது. விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு பணம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம் என்று அளவு சொல்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 10 கிலோ பருப்பு பயறு வேண்டும். கறி, மீன், முட்டை சாப்பிடும் வீட்டில் கொஞ்சம் குறையலாம். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய திட்டம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. துவரம் பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். 85 எங்கே, 8 எங்கே! மீதியை வெளிக்கடை விலைக்கு வாங்க வேண்டும் என்றால் ஏழை வீட்டில் சோறுதான் குவியும். அந்த வீட்டைப் பார்த்து ஒழுக்கம் போதாது என்று சொல்வது அநியாயம். காவிரிப் படுகையில் நெல் அறுப்புக்குச் சில நாள் முன்னரே வயலின் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த விளைச்சலை அரசு நல்ல விலைக்கு வாங்கி ரேஷனில் கொடுத்தால் விவசாயிக்கும் வழி, உண்பவருக்கும் வழி.

பணத்துக்கு நிகரான இன்னொரு தடை வீட்டுக்குள் இருக்கிறது. காய் நறுக்குவது, கீரை ஆய்வது, பயறு ஊறவைப்பது எல்லாம் யார் தலையில் விழுகின்றன? 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்ற அறிவுரை பல வீடுகளில் அம்மாவுக்கு இன்னொரு மணி நேர வேலையாகத்தான் போய்ச் சேர்கிறது. அதைச் சமைத்தவரே கடைசியில் சாப்பிடுகிறார். அப்போது சட்டியில் மிஞ்சியிருப்பது சோறும் ரசமும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்குக் காரணங்கள் பல. கடைசிப் பந்தியும் அவற்றில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே ஆண்களுக்குச் சொல்கிறேன்: கீரை ஆய உட்காருங்கள். பருப்பையும் காயையும் எல்லார் தட்டிலும் சமமாக முதலில் வையுங்கள், சோறு பிறகு வரட்டும்.



வழி தெரியாத ஊர் இல்லை இது. 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினோம், அதில் பின்னாளில் முட்டை சேர்ந்தது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் காய்கறிச் சாம்பார் வைத்தோம். பள்ளிக்கூடத் தட்டின் அளவை அரசும் ஊரும் சேர்ந்து மாற்ற முடிந்தது என்றால், வீட்டுத் தட்டையும் மாற்ற முடியும். இங்கிருந்து போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ரேஷனில் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும், அதில் உள்ளூர் உளுந்தும் பயறும் சேர வேண்டும் என்று அடுத்த கிராமசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எழுத்தில் கொடுங்கள், பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.