முதுகு காட்டும் தொண்டு

பகலில் வேலை இரவில் வகுப்பு என்று ஓடி, இன்று தமிழில் பட்டம் வாங்கும் மாணவர்களே!

போச்சா என்று ஒரு விளையாட்டு. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டரை மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள தரை. முதலில் ஒரு வெள்ளைப் பந்து உருட்டப்படும். ஒரு பக்கத்துக்கு 6 சிவப்புப் பந்து, மறுபக்கத்துக்கு 6 நீலப் பந்து. வெள்ளைப் பந்துக்கு நெருக்கமாக யார் பந்தைச் சேர்க்கிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. பெருமூளை வாதம் போன்ற காரணங்களால் கை கால்கள் சொன்னபடி கேட்காதவர்களுக்கென்று உருவானது இது. அதில் பிசி3 என்ற பிரிவில் ஆடுபவர்களால் பந்தைக் கையால் எறிய முடியாது. முன்னால் ஒரு சரிவான தடம் இருக்கும். ராம்ப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சிலர் தலையில் மாட்டிய ஒரு குச்சியால் அந்தத் தடத்தின் மேல் பந்தைப் பிடித்து வைத்திருந்து, சரியான கணத்தில் விடுவார்கள்.

ராம்பை நகர்த்த ஓர் உதவியாளர் உண்டு. அவருக்கு ஒரு விதி இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது அவர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பந்து எங்கே கிடக்கிறது, எதிராளி என்ன செய்தார், எதையும் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் அவருடைய ஆட்டக்காரருக்குத் தண்டனை. யோசனை சொல்லவும் கூடாது. ஆட்டக்காரர் இடப்பக்கம் என்றால் இடப்பக்கம், உயரம் என்றால் உயரம். பந்தைக் கடைசியாகத் தொட்டவர் ஆட்டக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

புறமுதுகு காட்டுவதைப் பழி என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். புறநானூறு படித்த உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் களத்தில் முதுகு காட்டுவதுதான் மரியாதை. அந்த விதியை எழுதியவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்: உதவுகிறவர் களத்தைப் பார்த்துவிட்டால் அவருடைய கை தானாக ஆட ஆரம்பித்துவிடும். நல்ல மனம் உள்ளவருக்கு இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கும்.

உடற்குறையுள்ளோர் விளையாட்டில் தொண்டூழியராகச் சேருங்கள் என்று கேட்கத்தான் இங்கே வந்திருக்கிறேன். எப்படிப்பட்ட தொண்டூழியராக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் போச்சாவிலிருந்து தொடங்கினேன்.

நான் தொழிலால் இயன்முறை மருத்துவர். வார இறுதிகளில் ஒரு பயிற்சிக் கூடத்தில் ராம்ப் பிடிக்கிறேன். என்னோடு பயிற்சி செய்யும் தம்பிக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. பேச்சு வரும், மெதுவாக வரும். "இடம்" என்பார். நான் ராம்பை ஒரு விரல் அகலம் நகர்த்துவேன். நீண்ட இடைவெளி. "இன்னும்." அரை விரல். மறுபடி இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் என்னைத் தாண்டிக் களத்தைப் பார்க்கிறார், கணக்குப் போடுகிறார். பிறகு "மேலே" என்கிறார். பந்தை இன்னும் உயரத்தில் வைத்தால் வேகம் கூடும். முன்னால் கிடக்கும் நீலப் பந்தை இடித்துத் தள்ளப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கும். பந்து 275 கிராம். உருண்டு போகும் சத்தமும் பிறகு ஒரு மெல்லிய 'டொக்'கும்தான் எனக்குக் கேட்கும். என்ன ஆனது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

புதிதாக வரும் தொண்டூழியர்களைக் கவனித்திருக்கிறேன். அந்த இடைவெளிதான் அவர்களுக்குத் தாங்காது. அவர் வாயைத் திறந்ததுமே கை போய்விடும். வாக்கியத்தை அவர்களே முடித்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் தானாக முடிவெடுக்க வாரத்தில் கிடைக்கும் சில மணி நேரத்தையும் அந்த அவசரம் பறித்துக்கொள்கிறது.

பயிற்சி முடிந்ததும் சில ஞாயிறுகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குச் சாப்பிடப் போவோம். 2020 இறுதியிலிருந்து சிங்கப்பூரில் ஓடும் பொதுப் பேருந்து ஒவ்வொன்றிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். சிராங்கூன் சாலை வரைக்கும் சிரமம் இல்லை. பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதைதான் பாடு. கடைக்குக் கடை தரை மட்டம் மாறும். இங்கே ஒரு படி, அங்கே அரைப் படி, நடுவில் அரிசி மூட்டை. ஒரு வழியாக உணவகத்துக்குள் போய் உட்கார்ந்தால், மேசைக்கு வரும் ஊழியர் என்னைப் பார்த்துக் கேட்பார்: "அண்ணனுக்கு என்ன வேணும்?" நான் தலையைக் குனிந்து உணவுப் பட்டியலைப் படிப்பேன். ஊழியர் காத்திருப்பார். தம்பி, தன் வேகத்தில், "நெய்... தோசை. சட்னி... தனியா" என்பார். அடுத்த முறை போனபோது அந்த ஊழியர் நேராக அவர் பக்கம் குனிந்து, "அண்ணே, நெய் தோசைதானே?" என்றார். "இல்ல. பூரி," என்றார் தம்பி. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பதக்க மேடைகளில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

பதக்கம் என்றதும் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூ நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1992இல் பிறந்தவர். தசைகளை மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்யும் நரம்பு நோயோடு வளர்ந்தவர். 2008 பெய்ஜிங்கில் நமக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். ரியோவில் இரண்டு, தோக்கியோவில் இரண்டு, 2024இல் பாரிசில் இரண்டு என்று மொத்தம் 7 தங்கம். அவர் போட்டி நீச்சலுக்கு வந்த கதையை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது. 12 வயதில் நீச்சல் குளத்தில் அவரைக் கண்டு, இந்தப் பிள்ளை போட்டியில் நீந்தலாமே என்று அழைத்து வந்தவர், சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றத்தின் தொண்டூழியர் ஒருவர். 1973இலிருந்து இயங்கிவரும் மன்றம் அது. அந்த ஒருவர் அன்றைக்குக் குளத்துக்கு வராமல் இருந்திருந்தால் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

பின்னாளில் யிப்புக்குப் பயிற்சி அளித்தவர் ஆங் பெங் சியோங். 1982இல் 50 மீட்டர் நீச்சலில் உலகிலேயே வேகமானவர் என்று பெயர் எடுத்தவர். அவர் நீந்தி வளர்ந்தது எங்கே தெரியுமா? நம் தேக்காவுக்குப் பக்கத்தில், ஃபேரர் பார்க் குளத்தில். 1957இல் திறந்த குளம் அது. 2003இல் பொதுமக்களுக்கு மூடப்பட்ட பிறகு அவரே அங்கே நீச்சல் பள்ளி நடத்தினார். ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி சாப்பிடப் போகும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவின் வரலாற்றில் கோவிலும் கடையும் மட்டும் இல்லை. அந்தக் குளமும் இருக்கிறது.

தொண்டூழியர் செய்யும் வேலைகள் பெரும்பாலும் கண்ணில் படாதவை. பார்வையற்றோர் ஆடும் கோல்பால் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்துக்குள் மணி இருக்கும். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் கண் கட்டியிருக்கும். கோடு எங்கே என்று எப்படித் தெரியும்? கோட்டு நாடாவுக்கு அடியில் கயிறு ஓடும். கையாலோ காலாலோ தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்து, நாடாவை ஒட்டி, ஆட்டம் முடிந்ததும் உரித்து எடுக்க ஆள் வேண்டும். உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றச் சங்கம் 1982இலிருந்து இங்கே இருக்கிறது. குதிரையில் ஒரு பிள்ளை ஏறினால், கடிவாளத்தைப் பிடித்து நடக்க ஒருவர், பிள்ளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்க இருவர் தேவைப்படலாம். வெயிலில் சுற்றிச் சுற்றி நடக்கும் வேலை.

வழிகாட்டி ஓட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. பார்வையற்றவரும் வழிகாட்டியும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். 2009இலிருந்து இங்கே ரன்னிங்அவர் என்ற குழு இப்படி ஓடிவருகிறது. வழிகாட்டியின் வாய் ஓயக் கூடாது: "முன்னால மேடு", "வலப்பக்கம் தண்ணி", "சைக்கிள் வருது, என் பக்கம் வாங்க". ஆனால் வேகத்தை முடிவு செய்வது அவர் இல்லை. போட்டிகளில் வழிகாட்டி ஒரு அடி முன்னால் கோட்டைத் தாண்டினாலும் போச்சு, தகுதி நீக்கம்தான். பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் ஸ்பெயினின் எலேனா கோங்கோஸ்த் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு அவருடைய வழிகாட்டி தசைப்பிடிப்பால் தடுமாறினார். அவரைத் தாங்கிப் பிடிப்பதற்காக எலேனா கயிற்றை ஒரு கணம் விட்டார். விதிப்படி அன்று பதக்கம் போனது. அந்தத் தீர்ப்பு என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆனால் கயிற்றின் எந்த முனையில் இருப்பவர் யாரைத் தாங்குகிறார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்லிவிட முடியாது என்பதை அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

பெரிய போட்டி வந்தால் ஆள் சேர்ப்பதில் நமக்குக் கஷ்டமே இல்லை. 2015 டிசம்பரில் ஆசியான் உடற்குறையுள்ளோர் விளையாட்டுகள் இங்கே நடந்தபோது 'டீம் நிலா' என்ற பெயரில் தொண்டூழியர்கள் திரண்டு வந்தார்கள். 2025 செப்டம்பரில் உலக உடற்குறையுள்ளோர் நீச்சல் போட்டி ஆசியாவிலேயே முதன்முறையாக இங்கே நடந்தது. சட்டை கிடைக்கும், படம் எடுக்கலாம், நாடே பார்க்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் போட்டி முடிந்த அடுத்த வாரமும் பயிற்சி உண்டு. மழை பெய்யும் அந்த மாலையில் மூன்று ஆட்டக்காரர்கள் வந்திருப்பார்கள். ராம்ப் பிடிக்க ஒருவர் மட்டும் இருப்பார். இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அங்கே வரத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். ஒரே கூடத்துக்கு, ஒரே கிழமையில், வருடக்கணக்கில் வாருங்கள். ஒருவருடைய பேச்சு உங்கள் காதுக்குப் பழகவே சில மாதங்கள் ஆகும். அதற்குள் நீங்கள் வேறு தொண்டுக்கு மாறிவிட்டால் அவர் அடுத்தவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழர்களாக உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நம் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால் பாசத்துக்குக் குறைவே இருக்காது. பாட்டி ஊட்டிவிடுவார், அம்மா தூக்கிச் சுமப்பார், மாமா வரும்போதெல்லாம் பொம்மை வாங்கி வருவார். ஆனால் "வெளியே போனா விழுந்துடுவான்", "நாலு பேரு பார்ப்பாங்க" என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் வரவேற்பறைக்குள்ளேயே அந்தப் பிள்ளை பெரியவனாகிவிடுவான். 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் பொருந்துவதால் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். பள்ளி முடிந்த பிறகு? அந்த வீட்டுக் கதவைத் தட்டி, பாட்டியிடம் தமிழில் உட்கார்ந்து பேசி, "ஒரு தடவை கூட்டிட்டு வாங்கம்மா, நானும் கூடவே இருக்கேன்" என்று சொல்ல ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த தகவல் தாள் அந்தப் பாட்டியை அசைக்காது. நீங்கள் பேசினால் அவர் கேட்பார்.

உங்களில் பாதிப்பேர் ஆசிரியராகப் போகிறீர்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து மோதிக் கால் நசுங்கிய ஒரு சிறுவனைப் பார்த்து, இவன் உயரம் தாண்டுவான் என்று கண்டுகொண்டவர் அவன் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். காய்கறி விற்ற தாயின் மகனான அந்த மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு தோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். நம் போச்சா வீராங்கனை ஜெரலின் டான் அதே பாரிசில் வெள்ளி வென்றார். போச்சாவில் சிங்கப்பூருக்கு அதுதான் முதல் பாராலிம்பிக் பதக்கம்.

ஆகவே, உங்கள் பள்ளி விளையாட்டு நாளில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் கையில் புள்ளித் தாளைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்காதீர்கள். போச்சா பந்து இல்லையென்றால் பழைய காலுறையில் பச்சைப்பயறு நிரப்பி முடிச்சுப் போடுங்கள். ராம்புக்கு ஒரு நெகிழிக் குழாயை நீளவாக்கில் பிளந்தால் போதும். பிள்ளையை நடுவில் வைத்து மற்றப் பிள்ளைகளையும் ஆடச் சொல்லுங்கள். குழாயைப் பிடிக்க ஒருவனைக் களத்துக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். சும்மா இருந்து காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அவனும் பத்து வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

வெளியே வரவேற்பு மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெயரையும் உங்களுக்கு ஓய்வான கிழமையையும் எழுதிவிட்டுப் போங்கள், நானே அழைக்கிறேன். பட்டம் பெற்ற அனைவருக்கும், அவர்களைப் படிக்க வைத்த குடும்பங்களுக்கும் என் வாழ்த்துகள்.